ஃபோல்டர் அழிய நேரமாகிறதா? ஜிபியைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய ஃபோல்டர் ஒன்றை அழிக்கக் கொடுத்துவிட்டு, பச்சைக் கோடு நகருமா என்று அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருப்பது வீட்டிலும் கடையிலும் அன்றாடக் காட்சியாகிவிட்டது. "ஹார்ட் டிஸ்க் போச்சு, ஃபார்மேட் அடிச்சாத்தான் சரியாகும்" என்று சொல்ல ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருப்பார். போதாக்குறைக்கு, ஒரே வரிக் கட்டளையில் எல்லாவற்றையும் நொடியில் அழிக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்புகள் வேறு. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வரியும் பெரும்பாலும் சரிதான். ஆனால் ஏன் தாமதமாகிறது, அந்த ஒரு வரி எங்கே காலை வாரும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

முதலில் தாமதத்துக்கு வருவோம். ஃபைல்களை டிரைவில் அடுக்கிவைக்க விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் டிரைவ் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமைப் பதிவேடு உண்டு. ஒவ்வொரு ஃபைலுக்கும் அதில் வழக்கமாக 1 கேபி அளவில் ஒரு பதிவு. ஃபைலை அழிப்பது என்றால் உள்ளே இருப்பதைத் துடைத்தெடுப்பது அல்ல. அந்தப் பதிவைக் காலி என்று குறிக்க வேண்டும், ஃபோல்டரின் பெயர்ப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டும், அது பிடித்திருந்த இடத்தைக் காலி இடக் கணக்கில் சேர்க்க வேண்டும், நடுவில் கரண்ட் போனாலும் கணக்கு குழம்பாதிருக்க இத்தனையையும் ஒரு குறிப்பேட்டிலும் எழுதி வைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் அ-பதிவேட்டில் 40 ஏக்கர் நிலத்துக்கும் ஒரு வரிதான், 2 சென்ட் மனைக்கும் ஒரு வரிதான் அல்லவா, அதே கதை. 40 ஜிபி கல்யாண வீடியோ ஒரே ஃபைலாக இருந்தால் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். 2 ஜிபி மட்டுமே உள்ள ஃபோல்டரில் ஒன்றரை லட்சம் குட்டிப் படங்கள் இருந்தால் ஒன்றரை லட்சம் வரிகளை அடிக்க வேண்டும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி எடுக்கும். லேப்டாப்களில் வந்த 5,400 சுற்று டிஸ்க்குக்கு 11.1 மில்லி வினாடி. டிஸ்க்கைப் படித்து எழுதும் தலை நகரும் நேரமும் இதோடு சேரும். ஒரு ஃபைலுக்கு மொத்தமே 10 மில்லி வினாடி என்று தாராளமாகக் குறைத்து வைத்துக்கொண்டாலும் 1 லட்சம் ஃபைலுக்கு 1,000 வினாடி, அதாவது 16 நிமிடத்துக்கு மேல். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்ப ஆண்டுகளில் வந்த மெஷின்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் இருப்பது இந்த வகை டிஸ்க்தான். சிப்பில் சேமிக்கும் புது வகை டிரைவான எஸ்எஸ்டியில் சுழற்சியும் இல்லை, தலையும் இல்லை. அதனால் இதே வேலை பல மடங்கு சீக்கிரம் முடியும். ஆனாலும் பதிவேட்டு வேலை அங்கேயும் ஃபைலுக்கு ஒன்றுதான்.

இது டிஸ்க்கின் பங்கு. மிச்சத் தாமதம் நாம் அழிக்கும் விதத்தில் இருக்கிறது. மவுஸால் தேர்ந்தெடுத்து டெலிட் பட்டனை அழுத்தினால், விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் உடனே அழிக்கத் தொடங்குவதில்லை. எத்தனை ஃபைல், எத்தனை ஜிபி என்று முழு ஃபோல்டரையும் உள்ளே போய் எண்ணுகிறது. அந்தப் பச்சைக் கோட்டை வரைவதற்கு அதற்கு அந்தக் கணக்கு வேண்டும். பிறகு ரீசைக்கிள் பின்னுக்குள் அவ்வளவும் கொள்ளுமா என்று பார்க்கிறது. கொள்ளாது என்றால் நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று கேட்கிறது. கொண்டால், அதே டிரைவில் இருக்கும் மறைவு ஃபோல்டர் ஒன்றுக்குப் பெயர் மாற்றி நகர்த்துகிறது. அந்த நகர்வு நொடி வேலை. ஆனால் ஒரு பைட் இடம்கூட மிச்சமாகவில்லை. பின்னைக் காலி செய்யும்போது லட்சம் வரியையும் அடிக்கும் வேலை புதிதாக ஆரம்பிக்கும். ஷிஃப்ட் பட்டனோடு டெலிட் அழுத்தினால் பின்னுக்குப் போகும் கட்டம் மட்டும் இல்லாமல் போகும், எண்ணும் கட்டம் அப்படியேதான் இருக்கும். இடையில் கேன்சல் கொடுத்தால் அதுவரை போனது போனதுதான், திரும்பி வராது.

ஆகவே முதல் வேலை, ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து பிராபர்ட்டீஸைத் திறந்து எண்ணிக்கையைப் பார்ப்பது. சில ஆயிரம் ஃபைல் என்றால் ஷிஃப்ட் டெலிட்டே போதும், கட்டளையெல்லாம் வீண் வேலை. பல பத்தாயிரம், லட்சம் என்று காட்டினால் மவுஸை வைத்துவிட்டு, கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் ப்ராம்ப்டுக்குப் போகலாம். அங்கே பச்சைக் கோடு இல்லை, முன்கூட்டி எண்ணும் வேலையும் இல்லை.

கட்டளை இதுதான்: ஆர்டி /எஸ் /கியூ "டி:\பழைய ஸ்கேன்". கட்டளையின் எழுத்துகளையும் டிரைவின் எழுத்தையும் இங்கே தமிழில் தந்திருக்கிறேன், திரையில் ஆங்கில எழுத்தில் (rd /s /q) அடிக்க வேண்டும். ஆர், டி என்ற இரண்டெழுத்து ஃபோல்டரை நீக்கச் சொல்கிறது. எஸ், உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து. கியூ, கேள்வி கேட்காதே என்று பொருள். அந்தக் கியூதான் ஆபத்து. இந்த வழியில் போவது எதுவும் ரீசைக்கிள் பின்னைத் தொடாது.

பாதையைக் கையால் அடிக்கவே வேண்டாம். எக்ஸ்ப்ளோரரில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஃபோல்டரை வலது கிளிக் செய்தால் 'காப்பி ஆஸ் பாத்' என்று ஒன்று வரும். விண்டோஸ் 11-இல் ஷிஃப்ட் இல்லாமலே வரும். அதைச் சொடுக்கினால் பாதை இரட்டை மேற்கோள் குறியோடு நகலாகும். கமாண்ட் ப்ராம்ப்டில் முதலில் டிஐஆர் (dir) என்று மூன்றெழுத்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்தப் பாதையை ஒட்டி என்டர் தட்டுங்கள். இந்தக் கட்டளை எதையும் அழிக்காது, உள்ளே இருப்பதைப் பட்டியலிடும். அழிக்க நினைத்த ஃபோல்டர்தானா என்று கண்ணால் பாருங்கள். பிறகு மேல் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தினால் அதே வரி திரும்ப வரும். ஹோம் பட்டனால் வரியின் தொடக்கத்துக்குப் போய், டிஐஆரை மட்டும் எடுத்துவிட்டு ஆர்டி /எஸ் /கியூ என்று மாற்றி என்டர் தட்டுங்கள். கண்ணால் பார்த்த அதே பாதைதான் அழியும். இதில் கூடுதலாகும் நேரம் பத்து வினாடி.

மேற்கோள் குறி ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். டி டிரைவில் 'கல்யாணம்' என்று ஒரு ஃபோல்டரும் 'கல்யாணம் வேண்டாதவை' என்று இன்னொரு ஃபோல்டரும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை அழிக்க நினைத்து மேற்கோள் இல்லாமல் அடித்தால், கமாண்ட் ப்ராம்ப்ட் இடைவெளியில் வரியை வெட்டி இரண்டு பெயர்களாக எடுத்துக்கொள்ளும். டி:\கல்யாணம் முழுதாகப் போகும். 'வேண்டாதவை' என்று ஒன்றைத் தேடி, கிடைக்கவில்லை என்று சொல்லும். வேண்டாதது பத்திரமாக இருக்கும், வேண்டியது போயிருக்கும். இதைவிட மோசம், டி:\ என்பதற்கும் பெயருக்கும் நடுவே கை தவறி ஓர் இடைவெளி விழுவது. அப்போது டிரைவையே காலி செய்யச் சொன்னதாக ஆகிவிடும்.

இதனாலேயே, தேவையில்லாமல் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்காதீர்கள் என்பேன். சாதாரண கமாண்ட் ப்ராம்ப்டால் விண்டோஸின் சொந்த ஃபோல்டர்களை அழிக்க முடியாது. அந்தத் தடை நம் நன்மைக்கு.

சிலர் முதலில் டெல் கட்டளையால் ஃபைல்களையெல்லாம் அழித்துவிட்டு, அடுத்து ஆர்டியால் வெற்று ஃபோல்டர்களை அழிக்கச் சொல்வார்கள். இரண்டு படியாகச் செய்தால் வேகம் என்பது வாதம். அதில் மிச்சமாகும் நேரத்தைவிட அதில் இருக்கும் வம்பு பெரிது. ஜங்ஷன் என்று ஒரு வகை இணைப்பு ஃபோல்டர் உண்டு. பார்க்கச் சாதாரண ஃபோல்டர் மாதிரி இருக்கும், உள்ளே போனால் வேறோர் இடத்தில் இருக்கும் ஃபோல்டரைக் காட்டும். ஆர்டி அந்த இணைப்பை மட்டும் அறுத்துவிட்டு நகர்ந்துவிடும். டெல் கட்டளைக்கு எஸ் சேர்த்துக் கொடுத்தால் இணைப்பு வழியாக உள்ளே நுழைந்து, அந்தப் பக்கம் இருக்கும் அசல் ஃபைல்களையும் அழிக்கும். இப்படி ஏதும் இருக்கிறதா என்று அறிய டிஐஆர் /ஏஎல் /எஸ் என்று கொடுத்துப் பாதையை ஒட்டினால் இணைப்புகளை மட்டும் காட்டும். இருந்தால் அதன் பெயரைக் கொடுத்து, எஸ் இல்லாமல் வெறும் ஆர்டி போட்டு முதலில் நீக்கிவிடுங்கள்.

கட்டளை மறுத்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. வேறொரு புரோகிராம் பயன்படுத்துகிறது என்று வந்தால், முதலில் கமாண்ட் ப்ராம்ப்டே அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும் கிளையை வெட்ட முடியாது. உள்ளே இருந்ததெல்லாம் போய் வெறும் கூடு மட்டும் மிஞ்சியிருக்கும். வெளியே வந்து மறுபடி கொடுத்தால் போய்விடும். எக்ஸ்ப்ளோரர் ஜன்னலில் அதே ஃபோல்டர் திறந்திருந்தாலும் மூடிவிடுங்கள், சிறுபடங்களைக் காட்டுவதற்காக அதுவும் ஃபைலைப் பிடித்து வைத்திருக்கும். அப்போதும் பிடிபடவில்லை என்றால் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு பக்கத்தில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' தேடல் கட்டத்தில் ஃபோல்டரின் பெயரை அடித்தால் எந்த புரோகிராம் பிடித்திருக்கிறது என்று பெயரோடு சொல்லும்.

அனுமதி இல்லை என்று வந்தால், அது பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி மாட்டிய டிஸ்க்காக இருக்கலாம். அந்த ஃபைல்களுக்கு உரிமையாளர் பழைய கம்ப்யூட்டரின் கணக்கு, இந்தக் கம்ப்யூட்டருக்கு அது யாரென்றே தெரியாது. அங்கே மட்டும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டேக்ஓன் (takeown) கட்டளையால் உரிமையை வாங்கி, ஐகேக்ல்ஸ் (icacls) கட்டளையால் அனுமதி கொடுத்துவிட்டு அழிக்கலாம். சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இதே வித்தையைக் காட்டுகிறவர்கள் அடுத்த நாள் விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பாதை நீளம். டிரைவ் எழுத்திலிருந்து எண்ணினால் 260 எழுத்து என்பது விண்டோஸின் பழைய வரம்பு. 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து அதைத் தளர்த்த வழி இருந்தாலும், எக்ஸ்ப்ளோரர் இன்னும் அந்தப் பழைய வரம்பில்தான் நிற்கிறது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகப் போன பேக்கப்புகளில் அழிக்கவும் முடியாமல் நகர்த்தவும் முடியாமல் ஆவது இதனால்தான். இதற்கு ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை நல்ல மருந்து. அது விண்டோஸிலேயே இருக்கிறது, நீளப் பாதையும் அதற்குத் தெரியும். டி:\காலி என்று ஒரு வெற்று ஃபோல்டரை உருவாக்கி, அதை மாதிரியாக வைத்துக்கொண்டு அழிக்க வேண்டியதை அதே போல ஆக்கு என்று சொல்வதுதான் உத்தி: ரோபோகாப்பி "டி:\காலி" "டி:\பழைய ஸ்கேன்" /எம்ஐஆர் /எல். முதலில் காலி, இரண்டாவது அழிய வேண்டியது. கடைசியில் உள்ள எல், எதையும் செய்யாமல் என்ன செய்யப்போகிறேன் என்று பட்டியல் மட்டும் காட்டும். பட்டியல் சரியாக இருந்தால் எல்-ஐ எடுத்துவிட்டு, அதற்குப் பதில் /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1 சேர்த்து மறுபடி கொடுங்கள். எக்ஸ்ஜே, ஜங்ஷன்களுக்குள் போகாதே என்பது. மற்ற இரண்டும் ஏனென்றால், ரோபோகாப்பி ஒரு ஃபைலில் சிக்கினால் இயல்பாகவே 30 வினாடிக்கு ஒரு தடவையாக 10 லட்சம் தடவை முயலும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. திரை உறைந்துபோனது போல் இருக்கும், உண்மையில் பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கும். பாதையின் கடைசியில், மேற்கோள் குறிக்கு முன்னால் \ என்ற சாய்கோடு போட்டுவிடாதீர்கள். போட்டால் மேற்கோளைப் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு இரண்டு பாதைகளையும் ஒன்றாகக் குழப்பும். வேலை முடிந்ததும் மிஞ்சும் இரண்டு வெற்று ஃபோல்டர்களையும் ஆர்டியால் எடுத்துவிடலாம்.

அழிக்க வேண்டியது ஒரு டிரைவின் முக்கால்வாசி என்றால் இந்தக் கட்டளைகள் எதுவும் வேண்டாம். வேண்டியதை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்த டிரைவுக்கு க்விக் ஃபார்மேட் கொடுங்கள். லட்சம் வரியை அடிப்பதற்குப் பதில் புதுப் பதிவேடே போடுவது, சில வினாடிதான். க்விக் என்ற கட்டத்தில் டிக் எடுபட்டிருந்தால் முழு ஃபார்மேட் ஆகிவிடும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுவதும் சுழியம் எழுதும், மணிக்கணக்கில் ஓடும். பென் டிரைவுக்கும் க்விக் ஃபார்மேட்தான் சரியான வழி. அதில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்கு வராது என்பதையும் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

உடனே இடம் வேண்டாம், அந்தப் பெயர் மட்டும் காலியாக வேண்டும் என்றால் அழிக்கவே தேவையில்லை. ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, புது ஃபோல்டரை அந்தப் பெயரில் தொடங்கிக்கொள்ளலாம். உள்ளே லட்சம் ஃபைல் இருந்தாலும் பெயர் மாற்றம் நொடி வேலை. அழிப்பதை இரவு கடை மூடும்போது ஓட விடலாம். மென்பொருள் எழுதும் பிள்ளைகள் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரோடு படும் பாட்டுக்கும் இதுவே நிவாரணம். பத்து வரி புரோகிராமுக்குப் பல்லாயிரம் குட்டி ஃபைல்களை இறக்கி வைக்கும் ஏற்பாடு அது. பவர்ஷெல் என்ற இன்னொரு கட்டளை ஜன்னலில் அழிக்கும் கட்டளையான ரிமூவ் ஐட்டம் அங்கே ஆர்டியைவிட மெதுவாகவே ஓடும்.

ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு அழித்தால் வேகம் என்றும் ஒரு குறிப்பு உலவுகிறது. ஃபைல் ஒவ்வொன்றையும் தொடும்போது அது எட்டிப் பார்ப்பது உண்மைதான். அதற்காக நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் திரும்ப இயக்க மறந்துவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவின் ஃபோல்டருக்குள் இருப்பதை அழிப்பது தனிக் கதை. டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் தங்களுக்குத் தெரியாமலே ஒன்டிரைவுக்குள் போயிருப்பது பலருக்குத் தெரிவதில்லை. இங்கே ஆர்டி போட்டால் இணையத்தில் இருக்கும் நகலும், அதே கணக்கு உள்ள இன்னொரு கம்ப்யூட்டரில் இருப்பதும் சேர்ந்தே போகும். நல்லவேளையாக, தனிநபர் கணக்கென்றால் ஒன்டிரைவின் சொந்த ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடக்கும். இணையத்தில் உள்ளே போய் எடுத்துக்கொள்ளலாம்.

அழித்த பிறகும் காலி இடம் கூடவில்லை என்பது அடுத்த புகார். ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோர் இயக்கத்தில் இருந்தால் அழித்த ஃபைலின் பழைய துண்டுகளை அது வைத்திருக்கக்கூடும். விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பல ஜிபி காட்டுகிறதே என்று அதில் கை வைக்காதீர்கள். ஒரே ஃபைலுக்கு இரண்டு இடங்களில் பெயர் இருப்பதால் எக்ஸ்ப்ளோரர் இரண்டு தடவை எண்ணிக் காட்டும், உண்மையில் அது அவ்வளவு இடம் பிடிப்பதில்லை. புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய விண்டோஸ் தங்கும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரைக் கட்டளையால் அழிக்க முயன்று அனுமதிச் சிக்கலில் மாட்டுவதற்குப் பதில், செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய் பழைய விண்டோஸை டிக் செய்து நீக்கலாம். புதிய பதிப்புக்கு மாறி 10 நாள் ஆனால் அதுவாகவே போகும்.

எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 7 முதல், அழித்த இடத்தை டிரிம் என்ற கட்டளையால் எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துவிடுகிறது. எஸ்எஸ்டி தன் வசதிப்படி அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததை, மேலே வேறெதுவும் எழுதாத வரை ரெக்கவரி சாஃப்ட்வேர் மீட்டுத் தருவது உண்டு. எஸ்எஸ்டியில் பெரும்பாலும் அந்த நம்பிக்கை வேண்டாம். பேக்கப் இல்லாமல் கியூ போடாதீர்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு ஆர்எம் -ஆர் (rm -r) கட்டளையே போதும். நட்சத்திரக் குறி போட்டு 'பட்டியல் மிக நீளம்' என்று திட்டு வாங்கினால், நட்சத்திரத்தை விட்டுவிட்டு ஃபோல்டரின் பெயரையே கொடுங்கள்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கட்டளைகளைத் தொழில்நுட்பப் பக்கத்தில் அச்சிடும்போது மேற்கோள் குறிகளை நேர்க்குறிகளாகவே வையுங்கள். பக்க வடிவமைப்பில் அவை அழகாக வளைந்துவிடுகின்றன. இணையப் பதிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுபவருக்கு அந்த வளைந்த குறியைக் கமாண்ட் ப்ராம்ப்ட் மேற்கோளாகவே ஏற்காமல், இடைவெளியில் வெட்டிவிடக்கூடும். கட்டளை ஒரே வரியில் கொள்ளாவிட்டால் பத்தியின் அகலத்தைக் கூட்டியாவது ஒரே வரியில் போடுங்கள். டி:\ என்ற இடத்தில் வரி முறிந்து, மிச்சம் அடுத்த வரிக்குப் போனால், முதல் வரியை அடித்ததுமே என்டர் தட்டிவிடும் வாசகர் ஒருவராவது இருப்பார்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
ஈரோடு